காய் இறங்கிய பிறகு அன்டாலியா: மாந்தோப்புக் குடும்பங்களுக்கு ஒரு கோடைப் பயண வழிகாட்டி

கிளிமூக்கு மாங்காயின் கடைசி லோடு கூழ்த் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்து, மண்டிக் கணக்கும் தீர்ந்த பிறகுதான் எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கையில் காசும் கொஞ்சம் ஓய்வும் ஒன்றாகக் கிடைக்கும். அப்போது வெளிநாடு போக நினைக்கிறவர்கள் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று மூன்று ஊர்களுக்குள் நின்றுவிடுகிறார்கள். சந்தூரில் மாந்தோப்பும் ஒட்டுக்கன்றுப் பண்ணையும் வைத்திருக்கும் நான், அந்த மூன்றுக்கும் முன்னால் வைக்கச் சொல்லும் ஊர் அன்டாலியா. துருக்கியின் தென்கரையில், மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கிறது. ஏன் போக வேண்டும், எப்படிப் போக வேண்டும் என்பதைக் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து கிளம்புகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

“கடல் பார்க்க மாமல்லபுரம் போதாதா அண்ணி?” என்று என் நாத்தனார் கேட்டார். பார்ப்பதற்கு அதுவே போதும். இறங்கிக் குளிப்பதற்குப் போதாது. நம் வங்கக் கடல் அலை அடித்துக்கொண்டே இருக்கும்; நீச்சல் தெரியாதவர்கள் முழங்கால் தண்ணீருக்கு மேல் போகவே அஞ்ச வேண்டும். அன்டாலியா வளைகுடாவில் கோடைக்காலக் கடல், காலை வேளைகளில் பெரும்பாலும் ஏரி மாதிரி அமைதியாக இருக்கும். ஓதம் ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைவு. பெருங்கடல்களைவிட உப்பு சற்று அதிகம் என்பதால் உடம்பைத் தண்ணீர் நன்றாகவே தாங்குகிறது. கிணற்றில் நீந்திப் பழகியவர்களுக்கு அந்த வேறுபாடு உடனே தெரியும்.

ஆனால் கடலுக்காக மட்டும் நான் இந்த ஊரைச் சொல்லவில்லை. நாம் மலையும் பாறையும் அணையும் தோப்பும் பார்த்து வளர்ந்தவர்கள். தட்டையான கடற்கரை நகரத்தில் இரண்டாம் நாளே நமக்குச் சலித்துவிடும். அன்டாலியாவில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு மேற்கே திரும்பினால் பெய்டாலரி மலைத்தொடர் கடலுக்குள் இறங்குவது போல நிற்கிறது. அதில் டாஹ்தாலி என்ற சிகரம் மட்டும் 2365 மீட்டர் உயரம். உச்சி வரை கம்பிவட வண்டி போகிறது. ஆறு இருக்கிறது, அருவி இருக்கிறது, இரண்டாயிரம் ஆண்டுப் பழைய கல்கட்டடங்கள் இருக்கின்றன, வாழைத்தோட்டம்கூட இருக்கிறது. எல்லாம் ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்துக்குள்.

எந்த மாதம்

இதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். விமான டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று மாதத்தை மாற்றாதீர்கள். நம் கோடை பங்குனி, சித்திரை, வைகாசி. அங்கே கோடை என்பது ஜூன் முதல் செப்டம்பர் வரை. நம் பள்ளிப் பிள்ளைகளின் கோடை விடுமுறை முடிகிற நேரத்தில்தான் அங்கே கோடை தொடங்குகிறது. ஏப்ரலிலும் மே முதல் வாரத்திலும் போனால் பூக்கள் அழகாக இருக்கும்; கடல் தண்ணீர் ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ்தான். நம் உடம்புக்கு அது குளிர். ஜூனில் 25 டிகிரிக்கு வருகிறது, ஆகஸ்ட்டில் 28 டிகிரியைத் தொடுகிறது. நிலத்தைவிடக் கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாகவே ஆறுவதால், அக்டோபர் தொடக்கம் வரை அந்தச் சூடு மிச்சம் இருக்கும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் வெப்பம் சராசரியாக 34, 35 டிகிரி. நமக்கு அது பெரிய வெயில் இல்லை என்று தோன்றும். ஆனால் கடலோரப் புழுக்கம் சேரும்போது உடம்பு வேறுவிதமாக உணரும். வடக்கே மலையைத் தாண்டி வறண்ட காற்று இறங்கும் நாள்களில் 40 டிகிரியையும் தாண்டும். கூட்டமும் விடுதிக் கட்டணமும் உச்சத்தில் இருப்பதும் அந்த இரண்டு மாதங்களில்தான்.

ஆகவே என் தீர்மானமான கருத்து இது: ஆடி முடிந்து ஆவணி பிறந்து, ஆகஸ்ட் கடைசி வாரம் கழிந்த பிறகு போங்கள். செப்டம்பர் முழுவதும் நல்ல காலம். மழை அநேகமாக இருக்காது. தோப்பில் கவாத்து வேலையை முடித்துவிட்டோ, நம்பிக்கையான ஆளிடம் ஒப்படைத்துவிட்டோ கிளம்பலாம். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குக் காலாண்டு விடுமுறையே சரியான நேரம். செப்டம்பர் கடைசியில் கூட்டம் குறைந்து, கடல் மட்டும் இதமாக இருக்கும்.

ஒரு நாளை எப்படிப் பிரிப்பது

அங்கே போய் வெயிலில் வாடித் திரும்புகிறவர்கள் எல்லாரும், காலை உணவைப் பத்து மணி வரை சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்கு வெளியே கிளம்புகிறவர்கள். நாம் தோப்புக்குப் போகிற நேரத்துக்கே எழுந்தால் போதும். காலை ஆறரை மணிக்குக் கடலில் இறங்கி ஒன்பதரைக்குக் கரையேறிவிட வேண்டும். பதினொன்று முதல் நான்கு வரை நிழல், உணவு, தூக்கம். நான்கரைக்கு மேல் பழைய நகரம், அருவி, சந்தை. வெளியூர்க் கோட்டைகளுக்கும் இடிபாடுகளுக்கும் போகிற நாளில் மட்டும் கடலை மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த இடங்களில் நிழல் அரிது, கல் சூடேறுவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

நடுப்பகலில் வெளியே இருக்க நேர்ந்தால் அதற்கு மிக ஏற்ற இடம் கலேயிச்சி என்னும் பழைய நகரம். மதிலுக்குள் இருக்கும் சந்துகள் குறுகலானவை. பழைய ஓட்டு வீடுகளின் மாடிகள் தெருவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் தெருவில் எப்போதும் ஒரு பக்கம் நிழல் இருக்கிறது. உள்ளே நுழைய ஹாட்ரியன் வாயில் வழியாகவே போங்கள். ரோமப் பேரரசன் ஹாட்ரியன் பொ.ஆ. 130இல் இந்த ஊருக்கு வந்ததன் நினைவாகக் கட்டிய மூன்று வளைவு வாயில் அது. நடு வளைவின் கீழே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் வண்டிச் சக்கரம் தேய்த்த தடம் கல்லில் தெரியும். இந்த நகரமே பெர்கமோன் நாட்டு அரசன் இரண்டாம் அட்டாலோஸ் பொ.ஆ.மு. இரண்டாம் நூற்றாண்டில் நிறுவியது. அவன் பெயரில் அட்டாலேயா என்று தொடங்கி, அன்டாலியா ஆகிவிட்டது. ரோமர், பைசாந்தியர், செல்ஜூக் துருக்கியர், ஒட்டோமானியர் என்று அடுத்தடுத்து வந்தவர்கள் எல்லாரும் அதே மதிலுக்குள் கட்டியிருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டுச் செங்கல் கோபுரமான யிவ்லி மினாரெ, நெடுக்குவரிகள் ஓடிய உடலோடு 38 மீட்டர் உயரத்தில் நிற்கிறது.

தங்குவதும் இந்தப் பழைய நகரத்திலேயே என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரா, பெலெக், கெமெர் பகுதிகளில் உணவு, பானம், நீச்சல்குளம் எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம் வாங்கும் பெரிய ரிசார்ட்டுகள் வரிசையாக இருக்கின்றன. பயண ஏற்பாட்டாளர்கள் அவற்றையே முதலில் காட்டுவார்கள். அங்கே தங்கினால் கட்டணம் கொடுத்துவிட்டோமே என்று வளாகத்தை விட்டு வெளியே வர மனம் வராது. கலேயிச்சியில் ஆரஞ்சு மரம் நிற்கும் முற்றத்தோடு சிறு விடுதிகள் நிறைய உண்டு. மூட்டுவலி உள்ளவர்கள் தரைத்தள அறையை முன்பே கேட்டு வாங்குங்கள். பழைய வீடுகளின் மரப்படிகள் செங்குத்தானவை. கல் பாவிய சந்துகளில் சக்கரப் பெட்டியை இழுப்பது கடினம் என்பதால் தோளில் மாட்டும் பை நல்லது.

கடலில் இறங்க

நகரத்துக்குள் மூன்று விதமான கரை இருக்கிறது. மேற்கே கொன்யால்டி, கிலோமீட்டர் கணக்கில் நீளும் கூழாங்கல் கரை. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவு, மலை எதிரே. ஆனால் கால் வைத்த சில எட்டுகளிலேயே ஆழம் கூடிவிடும். நீச்சல் தெரிந்தவர்களுக்கு அதுதான் சொர்க்கம். ரப்பர் அடிப்பாகம் உள்ள தண்ணீர்ச் செருப்பு இல்லாமல் அங்கே நடக்க முடியாது. முதல் நாளே வாங்கிவிடுங்கள். கிழக்கே லாரா, மணல் கரை. ஆழம் மெதுவாகக் கூடும் என்பதால் குழந்தைகளுக்கும், என் கணவரைப் போலக் கழுத்தளவு தண்ணீருக்கு மேல் போக மாட்டேன் என்கிறவர்களுக்கும் ஏற்றது. மூன்றாவது, பழைய துறைமுகத்தின் அருகே மதிலுக்குக் கீழே இருக்கும் மெர்மெர்லி. மிகச் சிறிய இடம், கட்டணம் உண்டு. பழைய நகரத்தில் தங்குகிறவர்கள் நடந்தே இறங்கிப் போகலாம்.

பெண்கள் என்னிடம் தனியாகக் கேட்பது உடையைப் பற்றித்தான். தயக்கமே வேண்டாம். அந்தக் கரையில் குட்டை நீச்சலுடையில் இருப்பவர்களும், தலை முதல் கணுக்கால் வரை மூடும் நீச்சலுடையில் இருக்கும் துருக்கிப் பெண்களும் பக்கத்துப் பக்கத்தில் குளிக்கிறார்கள். யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. முழுக்கையும் முழுக்காலும் உள்ள நீச்சலுடை பெங்களூரில் எளிதாகக் கிடைக்கிறது. பருத்திச் சுடிதாரோடு இறங்காதீர்கள். நனைந்ததும் கனத்துவிடும், காய நேரமாகும், ஆழத்தில் கால்களைச் சுற்றினால் ஆபத்து. ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாகக் கடலில் மிதக்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அதற்காகவே இந்தப் பத்தியை எழுதினேன்.

தண்ணீரைத் தேடிப் போகிறவர்களுக்கு

ஒகேனக்கல் பார்த்தவர்கள் டூடன் அருவியைத் தவறவிடக் கூடாது. நம் காவிரி பாறைப் பிளவுகளில் விழுந்து மறுபடி ஆறாகவே ஓடுகிறது. டூடன் ஆறோ நகரத்தின் ஓரத்தில் சுமார் 40 மீட்டர் உயரப் பாறை விளிம்பிலிருந்து நேராகக் கடலுக்குள் குதிக்கிறது. அன்டாலியா நகரமே தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு காலங்காலமாகப் படிந்து இறுகிய பாறைத்தளத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வடக்கே மலையடிவாரத்தில் ஊற்றெடுக்கும் தண்ணீர் அந்தப் பாறைக்குள் மறைந்து, நிலத்தடியில் ஓடி, மறுபடி வெளியே வந்து ஆறாகிறது. மேல் டூடன் என்ற இன்னொரு அருவி நகரத்தின் வடபகுதியில் இருக்கிறது. அங்கே அருவிக்குப் பின்னால் இருக்கும் குகைக்குள் நின்று விழும் தண்ணீரை உள்ளிருந்து பார்க்கலாம். கீழ் டூடனை மேலிருக்கும் பூங்காவில் நின்றும் பார்க்கலாம். ஆனால் பழைய துறைமுகத்திலிருந்து படகில் போய்க் கடல் பக்கமிருந்து பார்ப்பதே முழுக்காட்சி. மாலைப் படகைத் தேர்ந்தெடுங்கள். துறைமுகத்தில் கேட்கும் முதல் விலைக்குச் சம்மதிக்காமல், எவ்வளவு நேரப் பயணம், அருவி வரை போகுமா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு ஏறுங்கள்.

விவசாயிக் குடும்பங்கள் ஒரு முழுக் காலையை பெர்கேவுக்கு ஒதுக்க வேண்டும் என்பேன். நகரத்திலிருந்து கிழக்கே அக்சு வரை டிராம் போகிறது, அங்கிருந்து டாக்சி. ரோமர் காலத்து நகரத்தின் நடுத்தெரு அங்கே முழு நீளத்துக்கும் இருக்கிறது, இருபுறமும் தூண்கள். அந்தத் தெருவின் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. மேட்டின் அடியில் இருக்கும் நீர்மாடத்தில், சாய்ந்து கிடக்கும் ஆற்றுத் தெய்வத்தின் சிலைக்குக் கீழிருந்து தண்ணீர் கொட்டி, படிப்படியாகத் தடுத்த வாய்க்கால் வழியே தெரு முழுவதும் குளிர்ச்சியைக் கொண்டுபோயிருக்கிறது. கோடை வெயிலைச் சமாளிக்கக் கடைத்தெரு நடுவே ஓடும் தண்ணீரை விட்டவர்கள்! அந்தத் தடுப்புக் கற்களின் அளவையும் சரிவையும் பார்த்துக்கொண்டு நான் நெடுநேரம் நின்றேன். நகரத்தின் தெற்கு வாயிலை இரண்டாம் நூற்றாண்டில் தன் சொந்தச் செலவில் அழகுபடுத்தியவள் பிளாங்கியா மாக்னா என்ற பெண். நகரத்தின் உயர்ந்த பதவியையும் அவள் வகித்திருக்கிறாள். மகள்களை அழைத்துப் போகிறவர்கள் அந்த வாயிலில் நின்று அவள் கதையைச் சொல்லுங்கள்.

இன்னும் கிழக்கே செரிக் ஊரருகில் அஸ்பெண்டோஸ். உலகில் மிக நன்றாக நிலைத்திருக்கும் ரோம அரங்குகளில் ஒன்று. ஸெனோன் என்ற கட்டடக் கலைஞர் இரண்டாம் நூற்றாண்டில் கட்டியது. 1994 முதல் கோடையில் அங்கே இசைநாடக, பாலே விழா நடத்துகிறார்கள். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும்; கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாரும் அரங்கை மட்டும் பார்த்துவிட்டுப் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். கொஞ்சம் வடக்கே, வயல்களுக்கு நடுவே நிற்கும் உயர்ந்த கல்கோபுரங்களைப் பார்க்காமல் வராதீர்கள். மலையிலிருந்து வந்த தண்ணீர் பள்ளத்தாக்கைக் கடந்து எதிர்மேட்டிலுள்ள நகரத்துக்கு ஏற வேண்டும். அதற்குத் துளையிட்ட கற்களைக் குழாயாக இணைத்து, இறக்கத்தின் அழுத்தத்திலேயே தண்ணீரை மேலேற்றியிருக்கிறார்கள். பம்புசெட் இல்லாத காலம். சொட்டுநீர்க் குழாயில் அழுத்தம் குறைந்தால் என்ன பாடு என்று அறிந்தவர்களுக்கு அந்தக் கோபுரங்களின் அருமை நன்றாகப் புரியும்.

மலையும் நெருப்பும்

டெர்மெசோஸ் என்ற பழங்கால ஊர் வடமேற்கே மலைக்குள், ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது. பொ.ஆ.மு. 333இல் அலெக்சாண்டர் அந்த ஊரைப் பிடிக்க முடியாமல் விட்டுவிட்டுப் போனான். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கல்லும் வேருமாக ஏற வேண்டும். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை இடையில் உட்காராமல் ஏறுகிறவர்கள் தைரியமாகப் போகலாம்; முடியாதவர்கள் விட்டுவிடுங்கள், வருத்தம் வேண்டாம். மேலே கடை எதுவும் கிடையாது. தண்ணீர் சுமந்துதான் போக வேண்டும்.

சிராலியை மட்டும் யாரும் விடக் கூடாது. நகரத்திலிருந்து தென்மேற்கே, மலைக்கும் கடலுக்கும் இடையில் எலுமிச்சை, மாதுளைத் தோட்டங்களோடு இருக்கும் சிற்றூர். ஓர் இரவாவது அங்கே தங்குங்கள். நீண்ட தூரப் பேருந்து நெடுஞ்சாலைப் பிரிவில் இறக்கிவிடும். அங்கிருந்து கடற்கரைக்குச் சிறு வேன் இறங்குகிறது. மாலை மங்கியதும் டார்ச் எடுத்துக்கொண்டு யானார்தாஷ் மலைக்கு ஏறுங்கள், அரை மணி நேர ஏற்றம். அங்கே வெறும் பாறை இடுக்குகளில் நெருப்பு எரிகிறது. உள்ளேயிருந்து கசியும் மீத்தேன் வாயு தானே எரிந்துகொண்டிருப்பது அது. பழங்காலக் கிரேக்கர்கள் நெருப்பு கக்கும் கிமேரா என்ற விலங்கின் கதையை இந்த இடத்தோடு இணைத்துச் சொன்னார்கள். எண்ணெயும் திரியும் இல்லாமல் எரியும் அந்தச் சுடர்களின் முன் என் மாமியார் கைகூப்பி நின்றார். பக்கத்தில் இருந்த துருக்கிக் குடும்பம் அவருக்கு உட்கார இடம் ஒதுக்கித் தந்தது.

அதே சிராலிக் கரையில் பெருந்தலைக் கடலாமைகள் கோடையில் முட்டையிடுகின்றன. ஆகஸ்ட், செப்டம்பர் இரவுகளில் குஞ்சுகள் பொரித்துக் கடலைத் தேடி நகரும். கரையில் கூண்டு வைத்துக் குறியிட்ட இடங்களை நெருங்காதீர்கள். இருட்டிய பிறகு மணலில் செல்பேசி விளக்கு அடிக்காதீர்கள். வெளிச்சத்தைக் கடல் என்று நம்பிக் குஞ்சுகள் எதிர்த்திசையில் போய்விடும். பிள்ளைகளுக்கு இதை ஊரிலிருந்து கிளம்பும்போதே சொல்லிவையுங்கள்.

கோடையில் இந்தப் பைன் காடுகள் தீப்பெட்டி போல உலர்ந்திருக்கும். 2021 ஜூலை இறுதியில் மானவ்காட் என்ற ஊர்ப் பக்கம் பற்றிய தீ பெரும் காட்டையும் பல வீடுகளையும் அழித்தது. வெயில் மாதங்களில் சில காட்டுப் பகுதிகளுக்குள் நுழையத் தடை வருவதுண்டு. விடுதிக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். காட்டோரத்தில் அடுப்பு மூட்டவே கூடாது.

சந்தையும் தோட்டமும்

அன்டாலியாவில் ஒவ்வொரு பகுதிக்கும் வாரத்தில் ஒரு நாள் சந்தை கூடும். எந்தக் கிழமை எங்கே என்று தங்கும் இடத்தில் சொல்வார்கள். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழகிய கைகளுக்கு அங்கே மொழி தேவைப்படாது. ஆகஸ்ட், செப்டம்பரில் அத்தி, திராட்சை, பீச், தர்பூசணி குவிந்திருக்கும். செப்டம்பர் முடியும்போது மாதுளை வரத் தொடங்கும். அத்திப்பழம் நாம் அறிந்த நாட்டு அத்தி இல்லை, கைப்பிடி அளவு பெரிது, தேன் சொட்டும். அன்றன்றைக்கு வாங்கி அன்றே தின்றுவிட வேண்டும்.

கிழக்கே அலன்யா, காசிபாஷா பக்கம் போனால் வாழைத் தோட்டங்கள். சிறிய காய், நல்ல மணம். அதே பகுதியில் இப்போது கூடாரங்களுக்குள் மாமரமும் வளர்க்கிறார்கள். மேற்கே கும்லுஜா, டெம்ரெ வட்டாரம் முழுவதும் தக்காளிக்கும் மிளகாய்க்குமான பசுமைக்குடில்கள். பாலக்கோட்டுத் தக்காளி விவசாயிகளும் ஓசூர்க் குடமிளகாய்க்காரர்களும் அவசியம் பார்க்க வேண்டிய இடம். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: அவர்களுக்கு முதன்மைப் பருவம் குளிர்காலம். ஜூலை, ஆகஸ்ட்டில் பல குடில்கள் காலியாக இருக்கும். மண்ணை நனைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை விரித்து, வெயிலின் சூட்டிலேயே நூற்புழுவையும் பூஞ்சையையும் கொல்ல விட்டிருப்பார்கள். மருந்துச் செலவில்லாத அந்த முறையை நேரில் பார்ப்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

புரட்டாசியில் போகிறவர்கள் சாப்பாட்டுக்கு

செப்டம்பர் பாதிக்கு மேல் போனால் புரட்டாசி வந்துவிடும். நம் வீடுகளில் பலர் கவுச்சி தொடமாட்டார்கள். கவலைப்பட வேண்டாம். காலையில் எள் தூவிய சிமித் ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆலிவ், தக்காளி, வெள்ளரிக்காய், தேன். பால் இல்லாத தேநீர், சிறு கண்ணாடிக் குவளையில். மதியத்துக்கு கொஸ்லெமே: மெல்லிய உருட்டுக்கட்டையால் மாவைக் காகிதமாகத் தேய்த்து, கீரையோ உருளைக்கிழங்கோ பாலாடைக்கட்டியோ வைத்து மடித்துக் கல்லில் சுடுவார்கள். கூடவே உப்புப் போட்ட மோர், அய்ரான். மைசூர்ப் பருப்பில் செய்யும் மெர்ஜிமெக் சூப் எங்கும் கிடைக்கும். சில கடைகளில் இறைச்சிச் சாறு சேர்ப்பார்கள் என்பதால் “எத் சுயு வார் மு?” என்று கேளுங்கள், இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று பொருள். சோற்றுக்கும் இதே கேள்வி. ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துத் தரும் பீன்ஸ், கத்தரிக்காய், அடைத்த திராட்சை இலை எல்லாம் நல்ல சைவ உணவு. இலைக்குள் இறைச்சி இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊருக்கே உரிய உணவு பியாஸ். வேகவைத்த வெள்ளை பீன்ஸின் மேல் எள் விழுது, பூண்டு, வினிகர் சேர்த்த குழம்பை ஊற்றித் தருவார்கள். எள்ளும் புளிப்பும் நம் நாக்குக்கு உடனே ஒத்துப்போகும். மேலே வேகவைத்த முட்டை வைப்பது வழக்கம். வேண்டாதவர்கள் முன்பே “யுமுர்தாசிஸ்” என்று சொல்லிவிடுங்கள். ஒரு புட்டி புளிக்காய்ச்சலும் கொஞ்சம் ஊறுகாயும் எடுத்துப் போனால் வயதானவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

போகும் வழி

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால் இணையத்தில் மின்விசா பெறலாம். இல்லாதவர்கள் விசா மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், விடுதிப் பதிவு, திரும்பும் டிக்கெட் எல்லாம் கேட்பார்கள். விவசாய வருமானம் மட்டும் உள்ளவர்கள் சிட்டா, மண்டி ரசீதுகள், வங்கி வரவு ஆகியவற்றை ஒழுங்காக அடுக்கி, ஆங்கிலத்தில் ஒரு விளக்கக் கடிதத்தோடு கொடுங்கள். இரண்டு மாதம் முன்பே, அதாவது பறிப்பு நடக்கும்போதே, இந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, பணம் கட்டும் முன் துருக்கி அரசின் விசா பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

பெங்களூரிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றில் மாறி இஸ்தான்புல், அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் அன்டாலியா. இஸ்தான்புல்லில் ஐரோப்பியக் கரையில் ஒன்று, ஆசியக் கரையில் சபிஹா கோக்சென் என்று இரண்டு பெரிய விமான நிலையங்கள் உண்டு. வந்திறங்குவதும் மறுபடி ஏறுவதும் ஒரே நிலையத்தில்தானா என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். இரண்டுக்கும் நடுவே நகரத்தின் போக்குவரத்து நெரிசல் முழுவதும் இருக்கிறது. நெரிசல் நம் பக்கத்திலும் குறைவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர், அத்திப்பள்ளி, சில்க் போர்டு தாண்டி தேவனஹள்ளி போய்ச் சேர வேண்டும். விமானத்துக்கு ஏழு மணி நேரம் முன்பாக வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

அன்டாலியா விமான நிலையத்திலிருந்தே டிராம் நகரத்துக்குள் போகிறது. அன்டாலியாகார்ட் என்ற பயண அட்டை ஒன்று எடுத்துவிட்டால் டிராமுக்கும் நகரப் பேருந்துக்கும் அதுவே போதும். வெளியூர்களுக்கு மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து டோல்முஷ் என்னும் பகிர்வு வேன்கள் கிளம்பும். துருக்கிப் பணமான லிராவின் மதிப்பு ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் எந்த விலையையும் நான் எழுதவில்லை. யூரோவோ டாலரோ கொண்டு போய், நகரத்துக்குள் இருக்கும் மாற்றுக் கடைகளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்; விமான நிலையத்தில் மொத்தமாக மாற்றாதீர்கள்.

திரும்பும்போது நம் பண்ணைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த அத்தியையும் மாதுளையையும் பார்த்த பிறகு ஒரு குச்சியாவது ஈரத்துணியில் சுற்றி எடுத்து வர மனம் துடிக்கும். செய்யாதீர்கள். இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் கன்று, குச்சி, விதை, மண் எதையும் உள்ளே கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இடம் தரவில்லை. ஒரு குச்சியில் ஒட்டி வரும் பூச்சி நம் மாவட்டத்துத் தோப்புகள் அத்தனைக்கும் பரவக்கூடும். கசப்பு ஆரஞ்சு ஜாம், எள் விழுது, எள் அல்வா ஆகியவற்றை மூடி முத்திரையிட்ட புட்டிகளில் வாங்கி, கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவாருங்கள்.